பாட்டுக்கு அடியில் அக்காவின் குரல்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு பேச வந்திருப்பது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மாமனார் கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்தவர். தர்கா கந்தூரி தோறும் மேடையேறி ஆர்மோனியம் வைத்துப் பாடுவார். ஆசைக்குப் பாடியதுதான், தொழில் இல்லை. அவர் மௌத்தான பிறகு அவர் குரல் என்று மிஞ்சியது என்னிடம் இருந்த ஒரே ஒரு கேசட்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, ஒரு கந்தூரியில் நான் பதிவு செய்தது அது. பெண்கள் பக்கத்தைத் துணி கட்டி மறைத்திருப்பார்கள். மேடை தெரியாது. எங்களுக்கென்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் உள்ளே கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும். அதன் அடியில் டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு அக்காவும் நானும் ஒட்டி உட்கார்ந்தோம். பெட்டி அலறுகிற அலறலில் எங்கள் பேச்சு எங்கே விழப்போகிறது என்று நினைத்தோம். ஆனால் பெட்டியைவிட நாங்கள்தான் டேப்ரிக்கார்டருக்குக் கிட்டே இருந்தோம்.

அப்போது அவர் மகனுக்குத்தான் அக்காவைப் பெண் கேட்டிருந்தார்கள். அவர் உருகிப் பாடிய பாட்டின் நடுவே அக்கா சொல்கிறாள்: "இங்கன தேனா ஒழுகுறாக. வீட்டுல வாயத் தொறந்தா ஏச்சுதானாம். மகனப் பாத்தியாடி? காது மட்டும் மொறம் கணக்கா வளந்திருக்கு. அங்கன போறதுக்கு மேகமலையில தேயிலக் கொழுந்து கிள்ளப் போயிரலாம்."

நான் சிரிக்கிறேன். பாட்டு முடியும்வரை சிரிக்கிறேன்.

அந்த வீட்டுக்கே அக்கா வாழப் போனாள். மாமனார் கடைசியாகப் படுத்திருந்தபோது கஞ்சி ஊட்டியதும் அவள்தான்.

முதல் வருஷ நினைவுக் கத்தத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தன் அத்தாவின் பாட்டை சீடியாகக் கொடுப்பதென்று மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், முடிவு செய்தார். அக்காவிடம் ஓடினேன். "டேப்பு வீணாப் போச்சுன்னு சொல்லிருடி" என்றாள். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவள் மாமியார் போனில் வந்து, "ஒரு தடவ அவுக கொரலக் கேட்டாப் போதும்மா" என்று அழுதுவிட்டார். என் வாயில் பொய் வரவில்லை.

கத்தத்துக்கு முதல் நாள் மச்சான் என்னைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. கதவை ஒட்டி மச்சான் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கேசட் அதன் போக்கில் ஓடினால்தான் கம்ப்யூட்டரில் ஏறுமாம். அவசரப்படுத்த முடியாது, எழுந்து போகவும் முடியாது. ஒவ்வொரு பாட்டாக முடிந்து, அந்தப் பாட்டு நெருங்கி வந்தது.

காதில் ஹெட்போனோடு இருந்த கடைக்காரர் திரும்பினார். "பாய், பாட்டுக்கு மேல லேடீஸ் பேச்சு கேக்குது. பேச்ச எடுத்தா பாட்டும் சேந்து போயிரும்."

"கந்தூரின்னா சத்தம் இருக்கத்தான செய்யும். குடுங்க கேப்போம்" என்று மச்சான் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முதலில் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு தலை நின்றது. பாட்டு முடிந்த பிறகுதான் கழற்றினார்.

"யாரு பேசுறது இது?"

"நாந்தான் மச்சான்."

"நீயா?" என்னையே பார்த்தார். "ஒங்க அக்காளக் கட்டி இத்தன வருசத்துல நீ மொத்தமாவே இவ்வளவு பேசி நான் கேட்டதில்லையே."

அடுத்த பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது. அவர் தன் காதை ஒருமுறை தடவிக்கொண்டு, "அந்தப் பாட்டு வேணாம். மத்ததப் போடுங்க" என்றார். கடைக்காரர், "இருக்கதுலயே நல்ல பாட்டு அதுதான் பாய்" என்றார்.

"தெரியும்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்றிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கத்தம் ஓதி, நெய்ச்சோறு போட்டு, வந்தவர்களுக்கு சீடி கொடுத்தார்கள். அவர் உருகிப் பாடும் அந்தப் பாட்டு எங்கே என்று அக்காவின் மாமியார் கேட்டார். அந்த இடத்தில் டேப் சிக்கிவிட்டது என்று மச்சான் சொன்னார்.