மருதமுனைக்கு வராத லொறி

1982 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான் மருதமுனைக்குப் போனேன். எழுத்தாளர் ஹமீதா கொழும்பில் காலமாகி ஓராண்டாகியிருந்தது. அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவர நாங்கள் நாலைந்து பேர் கூடியிருந்தோம். கல்முனைப் பக்கம் அவர் பெயரை எடுத்தாலே ஊர் இரண்டாகப் பிரியும். பெண்களின் வாயைத் திறந்தவர் என்பார்கள் சிலர். ஊர் மானத்தை விற்றவர் என்பார்கள் மற்றவர்கள். மட்டக்களப்பில் டீச்சராக இருந்த நான் முதல் கட்சி, அதிலும் சத்தமான ஆள்.

அவருடைய பேர்போன கதையில், காரணமில்லாமல் தலாக் சொல்லப்பட்ட ஒரு பெண், விடியற்காலை சுபஹுத் தொழுகை நேரத்தில் துணி வியாபாரி ஒருவனின் லொறியில் ஏறி ஊரை விட்டே போவாள். அந்தக் கதைக்கு மூலமான சுலைஹா என்பவர் மருதமுனையில் இருப்பதாக அறிந்தேன். அவரைப் படம் எடுத்து மலரில் போடுவது என் எண்ணம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால், கல்முனைக்குச் சற்று முன்பே மருதமுனை வந்துவிடும். அன்று ஆறு ரூபாய், ஒன்றரை மணி நேரம். இடப்பக்க சீட் கிடைத்தால் இடையிடையே தென்னைகளுக்குள்ளால் கடல் தெரியும். கண்டக்டரிடம் வழி கேட்டேன்.

“சுலைஹாவா? லொறிக்காரியா?” என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கதை இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்கா முறைக்கு நான் ராத்தா என்று அழைத்த சுலைஹாவுக்கு நாற்பது வயதிருக்கும். முற்றத்தில் சாயம் தோய்த்த நூலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகள் தறியில் இருந்தாள். தேத்தண்ணி தந்தார். ஊரை விட்டுப் போன அவருடைய துணிச்சலை நான் வாயாரப் புகழ்ந்தேன். தறிச் சத்தம் நின்றது.

“நான் எங்க டீச்சர் போன?” என்றார் ராத்தா. “இந்த வீட்டு வளவிலதான் கிடக்கன். லொறியும் வரல்ல, வியாபாரியும் வரல்ல. அது ஹமீதா வெச்ச முடிவு.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“தலாக் சொன்னவருக்கு ஒரு காரணமும் இல்லாம இரிந்திச்சு. கதை வந்த புறகு காரணம் கிடைச்சிட்டு. ‘பாத்தீங்களா, லொறிக்காரனோட தொடர்பு, அதான் விட்ட’ எண்டு ஊரெல்லாம் கதைச்சார். இப்ப மகளைக் கலியாணம் பேசி வாற ஆக்களும் அதைத்தான் கேக்காங்க.”

“ஹமீதா செய்தது பெரிய அநியாயம், ராத்தா.”

“அப்பிடிச் சொல்லாதீங்க. என்ட கூடப் பிறந்த காக்காமாரே, அண்ணன்மாரே வாசல் மிதிக்காத நேரம், அவ ஒருத்திதான் வந்து என்னோட அழுத. அவக்கு அல்லாஹ் மண்ணறையை லேசாக்கட்டும்.” பிறகு என் கமராவைப் பார்த்தார். “படம் வேணாம். லொறி வந்தது பொய்யெண்டு மட்டும் போடுங்க. போடுவீங்களா?”

“ஓம், போடுவன்” என்றேன்.

எழுதவும் எழுதினேன். மலரைத் தொகுத்தவர் அந்தப் பகுதியை வெட்டினார். “டீச்சர், இது ஹமீதாவைத் திட்டுறவங்களுக்குத்தான் உதவும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஹமீதாவின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கட்டுரை அந்த வரி இல்லாமலே வந்தது. வெளியீட்டில் கைதட்டினார்கள். ராத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பக்கூட எனக்கு முகமில்லை.

ஹமீதாவின் கதைகளை இன்றும் மதிக்கிறேன். அவற்றை வாசித்துவிட்டு மருதமுனைக்குப் புறப்படுகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பிற்பகல் வெயில் பொல்லாதது. வாங்குவதென்றால் அந்த ஊர்த் தறியில் நெய்த சாரன், கைலி வாங்குங்கள். எவருடைய வளவையும் தேடிப் போகாதீர்கள். யாராவது அந்த லொறியைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசினால், அப்படியொரு லொறி வரவே இல்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.