காது குத்தும் கோபிலோ அக்கா

முதல் சொட்டை ஒருபோதும் நம்பமாட்டார் கோபிலோ அக்கா. ஓடிவந்து நிற்பவனின் காதுமடலை இரண்டு விரலால் பிடித்து, வியர்வையைத் துடைத்து, சுருக்கென்று ஊசியால் குத்தி, முதலில் வரும் ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றி எறிந்துவிடுவார். "அதுல பாதி உன் வேர்வை. வேர்வையிலயும் லாக்டேட் இருக்குடா, பொய் சொல்லும்" என்பார். இரண்டாவது சொட்டுதான் லாக்டேட் அளக்கும் கையடக்கக் கருவிக்குப் போகும். எண் வரும்வரை காதை விடமாட்டார். எங்கள் இட்டென் ஊரில் உலகப் பதக்கம் வாங்கியவன் காதும் சரி, நேற்று ஓட்டப் பயிற்சி முகாமில் சேர்ந்தவன் காதும் சரி, அவருக்கு ஆட்டுக்காது மாதிரிதான்.

எல்டோரெட் நகரத்தில் உயிர்வேதியியல் படித்தவர். செம்மண் தடத்தின் ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, தசைச் செல்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுச் சங்கதி போலப் பேசுவார். "உன் தொடையில இருக்குற மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சோம்பேறிக் கூட்டம். ரெண்டு மாசம் மெதுவா ஓடு, குட்டி போட்டுப் பெருகும்." நீங்க ஓடமாட்டீங்களா என்று கேட்டால், "என்னுது எல்லாம் பென்ஷன் வாங்கிடுச்சு" என்று தேநீரை உறிஞ்சுவார். நான் முகாமின் பிக்கப் வண்டியை ஓட்டுகிறவன். எனக்கு அறிவியல் எங்கே தெரியும்? எண் குறைந்தால் தசை இன்னும் களைக்கவில்லை என்று கோச் யாதோருக்குக் குஷி, ஏறினால் எங்கள் எல்லோருக்கும் திட்டு, அவ்வளவுதான் தெரியும்.

அன்று காலை கோச் துள்ளிக் குதித்தார். வேகத்தைக் கூட்டக் கூட்ட மற்றவர்களுக்கு எண் எகிறியது. இளம் ஓட்டக்காரன் கிமாயோவுக்கு மட்டும் அசையவேயில்லை.

"தசை இல்லடா இவனுக்கு, தங்கம்! ஐரோப்பா மாரத்தானுக்கு இருக்குறது ஒரே ஒரு இடம். இப்பவே கீழ கெரியோ பள்ளத்தாக்குல கொண்டுபோய் விடுறேன். மலை ஏறி வந்துட்டான்னா இடம் இவனுக்குத்தான்!"

கோபிலோ அக்கா சிரிக்கவில்லை. கிமாயோவின் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோய், "வாயைத் திற" என்றார். மோந்து பார்த்தவர் நேராக என் வண்டிக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மூச்சுல கனிஞ்சு அழுகின பழ வாடை. ரெண்டு நாளா உகாலிக் களியைத் தொட்டிருக்க மாட்டான் இந்தப் பய."

"அதனால என்னக்கா? எண் நல்லாத்தானே வந்திருக்கு?"

"அட மடையா! தசையில சேத்துவச்ச சர்க்கரை வேகமா எரிஞ்சாத்தான் லாக்டேட் ஏறும். இவன்கிட்ட சர்க்கரையே இல்ல. உலையில மாவே போடலைன்னா எப்படிப் பொங்கும்? வெறும் கொழுப்பை எரிச்சுக்கிட்டு நிக்கிறான். பாதி மலை ஏறுறதுக்குள்ள ரத்தத்துலயும் சர்க்கரை இறங்கிடும். மூளைக்குத் தீனி போகாது. கண்ணு இருட்டும், கால் எங்க போகுதுன்னே தெரியாது."

 அந்த மலைச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், வளைவுக்கு வளைவு லாரி. பட்டினி கிடந்தால் எண் இறங்கும் என்று எந்தப் பாவி இந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தானோ!

"கோச்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"எல்லார் முன்னாலயுமா? கத்திக்கு முன்னால கண் இமைக்காம நின்னவன்டா கிமாயோ. கூட நின்ன கூட்டாளிங்க அங்கதான் இருக்கானுங்க. பசின்னு ஒத்துக்குவானா? செத்தாலும் இல்லம்பான். நான் சொன்னா அவன் மானம் போகும்."

உண்மைதான். எங்கள் கலெஞ்சின் இனத்து ஆண்பிள்ளை விருத்தசேதனத்தன்று முகம் சுளித்தால் ஆயுள் முழுக்கப் பேச்சு. அன்றோடு வலி, பசி என்கிற சொற்கள் அவன் வாயிலிருந்து போய்விடும்.

அக்கா திரும்பிப் போனார். "கோச், மிஷின் கெட்டுப்போச்சு. இன்னைக்கு எடுத்த எண் எதுவும் செல்லாது. ரெண்டு நாள் எல்லாரும் என் கண் முன்னால சாப்பிடட்டும். அப்புறம் மறுபடியும் எடுப்போம்."

"மத்தவனுக்கெல்லாம் சரியாத்தானே காட்டுச்சு?" கோச் தன் காதை நீட்டினார். "இந்தா, குத்து."

குத்தினார். அந்தப் பாழாய்ப்போன கருவி, ஓடாமல் நிற்கும் மனிதனுக்கு என்ன காட்ட வேண்டுமோ அதைக் கச்சிதமாகக் காட்டியது.

"எனக்கே காது குத்துறியா கோபிலோ? எவனுக்கு இடம் வாங்கிக் குடுக்க இந்த நாடகம்? இன்னையோட பெட்டியைக் கட்டு!"

இத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு பழி. ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம் அக்கா. கிமாயோ இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நானே போட்டு உடைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு முறை முறைத்தார், மூடிக்கொண்டேன்.

"கிமாயோ, வண்டில ஏறு!"

அவன் வந்தான். வண்டியின் பின்படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றான்.  ஊசிகளைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான். காலைக் கீழே இறக்கினான்.

"மிஷின் கெடலை கோச். அக்கா மேல தப்பில்ல." அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா... பசிக்குதுக்கா."

 கூட்டாளிகளில் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கிமாயோ செம்மண்ணில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அக்கா ஊசிப் பையைக் கீழே போட்டுவிட்டு என் வண்டிக்கு வந்தார். என் காலைச் சாப்பாட்டையும் சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீர் பிளாஸ்கையும் என்னைக் கேட்காமலே எடுத்துப்போய் அவன் மடியில் வைத்தார். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த லெசோத் துணியை அவிழ்த்தார். இரண்டு கையாலும் அதைத் திரைபோல அகல விரித்துப் பிடித்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கும்பலைப் பார்த்து நின்றார்.