மருந்துச் சீட்டில் மூன்று எழுத்து

எங்கள் மாமாவுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துதான் தெரியும். அந்த மூன்றிலும் இரண்டு ஒரே எழுத்து.

மாமா என்றால் உம்மாவின் அண்ணன். இளவயதில் பினாங்கு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஒரு தடவை நடுக்கடலில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். தந்தி அறையில் இருந்த துரை எஸ். ஓ. எஸ். என்று தட்ட, எங்கிருந்தோ இன்னொரு கப்பல் ஓடிவந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டதாம். இந்தக் கதையை நான் முதலில் கேட்டபோது தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. நான் மூன்றாம் வகுப்புக்குப் போன சமயம் அது கழுத்துக்கு வந்திருந்தது. துரையிடம் கேட்டு அந்த மூன்று எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வந்திருந்தார் மாமா. கரிக்கட்டை கிடைத்தால் சுவரில் எழுதிக் காட்டுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன அடுத்த வருடம் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. படகுக்காரர்களுக்குக் கயிறும் தாரும் விற்கிற கடை எங்களுடையது. கயிற்றுச் சுருள் ஒன்றைத் தனியாகத் தூக்கப்போய் இடுப்பும் பிடித்துக்கொண்டது. வாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணி மருந்தும் மாத்திரைப் பொட்டலமும் வாங்கிவந்தார். ஒரு வேளை மருந்தைக் குடித்துவிட்டு, யாரும் எழுப்பக் கூடாது என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

பழைய டாக்டர் இருந்தவரை மருந்துச் சீட்டில் எல்லாம் பிரெஞ்சில் முழு வாக்கியமாக இருக்கும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த வாப்பா அதைத் தெருவிலேயே வாசித்துக்கொண்டு வருவார். புதிதாக வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர். அவர் எதையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு எழுத்து, ஒரு புள்ளி, இன்னொரு எழுத்து, இன்னொரு புள்ளி. அவ்வளவுதான்.

உடம்பு விசாரிக்க வந்த மாமா, மருந்து பாட்டிலுக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்து வாசிப்பவர்போல் பார்த்தார். முதல் வரி புரியவில்லை. இரண்டாவதும் புரியவில்லை. மூன்றாவது வரியில் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“தங்கச்சி, மச்சானுக்கு டாக்டர் எஸ். ஓ. எஸ். போட்டுட்டாரு” என்றார்.

உம்மாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். காலையில் தானே நடந்து போய் மருந்து வாங்கிவந்த மனுசருக்கு அப்படி என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். கப்பலும் அன்று காலைவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்றார் மாமா. நோயாளியிடம் எந்த டாக்டரும் நேராகச் சொல்ல மாட்டார், வீட்டாருக்குத்தான் இப்படி எழுத்தில் சொல்லியிருக்கிறார் என்று விளக்கமும் கொடுத்தார். உம்மா அழ ஆரம்பித்தாள். வாப்பா உள்ளே நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அழுகைக்கு நடுவில் உம்மா சொன்னது ஒன்றுதான். அம்பகரத்தூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அம்பகரத்தூரில் மாமி இருந்தார். வாப்பாவுடன் பிறந்த ஒரே அக்கா; வாப்பா ‘லாத்தா’ என்றுதான் கூப்பிடுவார். என் அக்காவின் நிக்காஹுக்கு வாப்பா நேரில் போய் அழைக்காமல் கடைப் பையனிடம் தாம்பூலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேலை மும்முரத்தில் செய்ததுதான். ஆனால் மாமி அந்தத் தாம்பூலத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. இரண்டு பெருநாள் வந்து போயும் யாரும் இறங்கிவரவில்லை. வாப்பா அந்தப் பேச்சை எடுக்கவிடமாட்டார்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தன்னைப் பார்த்தால் மாமி கதவைச் சாத்திவிடுவார், பிள்ளையைப் பார்த்தால் சாத்தமாட்டார் என்பது அவர் கணக்கு. மாமியைக் கண்டதும் நான் அழ வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். எனக்கோ அதற்கு முன்னால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கிடைத்ததே இல்லை. இருபுறமும் கதிர் சாய்ந்த வயல், வாய்க்காலில் வாத்துக்கூட்டம், முகத்தில் அடிக்கிற காற்று. வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் முகத்தைத் தொங்கப்போடுவேன். அடுத்த வளைவில் மறந்துபோகும். சிரிக்காதே என்று மாமா முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தார்.

மாமி வாசலில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழ முயன்றேன். வரவில்லை.

மாமா தூரத்தில் நின்றே விஷயத்தைச் சொன்னார். மாமிக்கு எஸ். ஓ. எஸ். என்றால் என்னவென்று தெரியாது.

“முழுகுற கப்பல்லேர்ந்து அனுப்புற சேதிங்க அது” என்றார் மாமா.

மாமி கால் கழுவவில்லை. கதவைப் பூட்டவில்லை. காய்ந்த நெல்லைக் கோழி கொத்துவதைப் பார்த்தும் விரட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். காரைக்கால் பஸ் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. மாமி நடுரோட்டில் நின்று கையை விரித்தார். டிரைவர் பிரேக் போட்டு ஏதோ கேட்க வாயெடுத்தவர், மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மாமியின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வளையல் குத்தியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து படகுக்காரர்கள் நான்கைந்து பேர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்கள். சத்தம் கேட்டு வாப்பா விழித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, பாவம், தைரியம் சொல்கிறார் என்று பெண்கள் இன்னும் அழுதார்கள்.

மாமி வாசற்படி தாண்டி வந்ததை வாப்பா பார்த்தார். இடுப்பைப் பிடித்தபடியே எழுந்து நிற்கப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குதிரை வண்டியில் டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் கூட்டத்தைக் கண்டு பதறி வாப்பாவின் நாடியைப் பிடித்தார். கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு, என்ன ஆயிற்று என்று எங்களைக் கேட்டார். மாமா சீட்டை நீட்டி மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இதெல்லாம் லத்தீன் சுருக்கெழுத்து, மருந்து கட்டுபவருக்காக எழுதுவது என்றார். முதல் வரியில் டி. டி. எஸ். என்றால் தினம் மூன்று வேளை. அடுத்ததில் எச். எஸ். என்றால் படுக்கப் போகும்போது.

“எஸ். ஓ. எஸ். என்னங்க?” என்றார் மாமா, விடாமல்.

“கப்பல்ல வேற அர்த்தங்க. இங்க ‘வேணும்னா மட்டும்’னு அர்த்தம். வலிச்சா ஒரு மாத்திரை போட்டுக்கலாம். வலிக்கலைன்னா வேணாம்.”

கம்பவுண்டரும் அதைத்தானே சொன்னார் என்றார் வாப்பா. முதலில் சிரித்தவர்கள் படகுக்காரர்கள். அப்புறம் உம்மா. அப்புறம் வீடே சிரித்தது. மாமா மட்டும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அருகில் போய் நின்றார்.

“வேணும்னா மட்டும்தான் லாத்தாவெக் கூப்புடுவியா?” என்றார்.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். “நானே வந்து கூப்புட்டிருக்கணும் லாத்தா” என்றார். அவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் உண்டென்பதே எனக்குத் தெரியாது.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப உம்மாவுக்கு மனமில்லை. பெரிய செம்புப் பாத்திரம் அடுப்பேறியது. படகுக்காரர்களில் ஒருவர் ஓடிப்போய்க் கொடுவாய் மீன் கொண்டுவந்தார். கப்பலை விட்டபிறகு கரண்டியே தொடாத மாமா, அன்று சட்டையைக் கழற்றிவிட்டு நெய்ச்சோறு ஆக்கினார். டாக்டரையும் பிடித்து உட்காரவைத்தோம். அவர் சைவம். சோறும் ஊறுகாயும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு சோறு தின்றதில்லை என்று மாமாவிடம் சொன்னார். மாமா அப்போதுதான் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து நான் உள்ளே போனபோது மாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலிக்கிறது என்று வாப்பா சொல்ல, பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்க் குவளையையும் தன் கையாலேயே அவர் வாயருகில் பிடித்தார். வாப்பா விழுங்கினார். பார்த்தால் இருவர் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஆபத்தில்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. பிறகு எதற்கு அழுகிறார்கள்? நான் யோசித்துப் பார்த்தேன். மாத்திரை அவ்வளவு கசப்பு போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். சமையற்கட்டுக்கு ஓடிப்போய் இரண்டு துண்டு பனங்கற்கண்டு எடுத்துவந்து, வாப்பா வாயில் ஒன்றும் மாமி வாயில் ஒன்றும் போட்டேன். மாமி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அழுதார்.

மாமி மாத்திரை எதுவும் விழுங்கவே இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.