மச்சானாக வந்தவர்

இன்னும் எத்தனை காலம் இருப்போம் என்பது ஒன்றுதான் தைரியராஜுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத்தான் சிதம்பரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லவில்லை. "வீட்டு ஆளு யாரையாவது கூட்டிட்டு வாங்க, அவுங்ககிட்ட பேசிக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். புற்று வைத்த நுரையீரல் இவருடையது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னொருவரோடு. நம் பக்கத்து வழக்கம் இது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டு ஆளுக்கு அவர் எங்கே போவார்? கடலூர் முதுநகரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி ஆரோக்கிய அனிதா இறந்துபோன பிறகு, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் "நல்லா இருக்கீங்களா?" என்பார்கள், இவர் "இருக்கேன்" என்பார். அந்த வாரத்துப் பேச்சு அதோடு சரி. இருமல் முற்றியபோதுகூட யாரிடமும் சொல்லவில்லை. நோயைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.

நர்ஸ் மாலதிதான் ஓரளவு விளக்கினாள். "கட்டியிலேர்ந்து எடுத்த சதையில ஒரு புரதம் இருக்கான்னு பாப்பாங்கய்யா. ஜாஸ்தியா இருந்தா புது ஊசி நல்லா கேக்கும், வருஷக்கணக்குல ஓட்டலாம். இல்லன்னா கீமோ மட்டும்தான்."

ரிப்போர்ட் வரும் நாளில் தனியாகத்தான் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் கீரப்பாளையத்து விவசாயி உத்திராபதி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஸ்கேன் எடுக்க உள்ளே போயிருந்தார். தைரியராஜ் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"ஒரு ஒத்தாசைங்க. எனக்கு மச்சான்னு சொல்லி உள்ள வர்றீங்களா? டாக்டரம்மா சொல்றத ஒண்ணு விடாம என்கிட்ட சொல்லிடணும். மறைக்கக் கூடாது."

"இதுல என்னாங்க மறைக்க இருக்கு? அப்படியே சொல்லிடறேன்" என்று எழுந்துவிட்டார் உத்திராபதி.

உள்ளே ஒருவர் நெற்றியில் விபூதியையும் இன்னொருவர் கழுத்தில் ஜெபமாலையையும் டாக்டர் காயத்ரி மாறி மாறிப் பார்த்தார்.

"என் தங்கச்சிய லவ் பண்ணிக் கட்டிக்கிட்டாரும்மா" என்று உத்திராபதி கூசாமல் அடித்துவிட்டார். தைரியராஜுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

"நீங்க வெளியில இருங்கய்யா" என்றார் டாக்டர்.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. வெளியே வந்த உத்திராபதி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பயப்பட ஒண்ணுமில்ல மச்சான். அந்தப் புரதம் நெறையா இருக்காம். பத்து வருசத்துக்குக் கவலையில்லன்னுட்டாங்க. வாங்க, டீ குடிப்போம்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்த மனுஷன்தான். சொந்தம் என்று சொல்லி உள்ளே போனார், சொந்தக்காரர்கள் செய்வதையே செய்துவிட்டு வந்து நின்றார்.

அதற்குள் மாலதி வந்து தேதிச் சீட்டைக் கையில் கொடுத்தாள். "திங்கக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்கய்யா. கீமோ ஆரம்பிக்கணும்."

"புது ஊசி?"

"உங்களுக்கு அது வேணாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தைரியராஜுக்கு விளங்கிவிட்டது. புரதம் இல்லை. வருஷக்கணக்கும் இல்லை. உத்திராபதியைப் பிடித்து உலுக்கி, எத்தனை மாதம் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த ஆளின் கண்கள் கலங்கியிருந்தன. தனக்காக ஒருவர் கண் கலங்கி அவர் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு மறுபடி அவர் ஒரு கீரப்பாளையத்துக்காரர், இவர் ஒரு கடலூர்க்காரர், அவ்வளவுதான்.

வாசல் கடையில் டீ வந்தது. உத்திராபதி ஆற்றிக் கொடுத்தார்.

"பத்து வருசமா?" என்றார் தைரியராஜ்.

"ஆமா மச்சான்."

"அப்பச் சரி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். "திங்கக்கிழமை நீங்க வருவீங்களா, மச்சான்?"