தறிமேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் யாருக்கும் நோயே கிடையாது. ரத்தமாகப் போனால் அது மூலம், உடம்பு இளைத்தால் அது சூடு. இரண்டுக்கும் காரணம் தறி. பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டு நாள் முழுக்க நெய்தால் அப்படித்தான் ஆகும் என்று அப்பா சொல்வார். பல வருடங்களாக அவருக்கு ரத்தம் போகிறது. துத்தி இலையும் விளக்கெண்ணெயுமாகவே காலத்தை ஓட்டிவிட்டார்.

மூத்த மகள் நான் தறியில் உட்கார்ந்ததே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஏசி அறை, சுழல் நாற்காலி. எனக்கும் ரத்தம் போனது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலில் புண், அழற்சி என்று சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க வம்சத்துலயே கிடையாது சார்" என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் அப்பா அதே ஆஸ்பத்திரியின் கழிப்பறையில் இருந்தார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் அந்த வம்சம்தானே.

அடுத்த முறை தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. மரபணுக்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்து சிலரை இந்த நோய்க்கு எளிதில் ஆளாக்கும், அதனால் மட்டுமே வந்துவிடாது, ஒரே வீட்டில் ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராமலே போகும் என்றார். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும் என்றும் சொன்னார். தறியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கல்யாணப் பேச்சு அந்த ஆஸ்பத்திரியோடு நின்றுபோயிற்று. விஷயம் வெளியே பரவுவதற்குள் தங்கைக்காவது முடித்துவிட வேண்டும் என்று அம்மா முந்திக்கொண்டாள். தங்கையை முசரவாக்கத்தில் இருக்கும் அத்தையின் மகனுக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று. அத்தை அப்பாவின் கூடப்பிறந்தவள். அவளுக்கும் 'மூலம்' உண்டு. அவளும் தறிக்காரிதான் என்பதால் ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

தங்கையை அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று பட்டது. தட்டு மாற்ற வந்த அன்று அத்தையைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வந்திருப்பது மூலமல்ல, அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும், உங்களுக்கும் இருக்கலாம், பிறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள் என்றேன். அத்தை பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றாள்.

"எம் புள்ளைக்கும்தான்மா ரெண்டு வருஷமா இருக்குது. மாத்திரை சாப்டுக்கினு இருக்கான். வெளியில பொண்ணு எடுத்தா நாலு கேள்வி வரும். நமக்குள்ளயே முடிச்சிக்கினா யாருக்கு என்னா தெரியப் போவுது? உங்கம்மாவுக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு முற்றத்து மூலையில் எச்சிலைத் துப்பினாள். சிவப்பாக ஒழுகிய அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உள்ளே அம்மா சிரித்துப் பேசிக்கொண்டே லட்டு பரிமாறிக்கொண்டிருந்தாள். இத்தனை பேரும் சேர்ந்து மூடி வைத்திருக்கிற நாற்றத்தில்தான் இவ்வளவு நாள் நானும் சோறு தின்றிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் தங்கை நெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்திவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் ஊடைநூல் ஓட்டும் நாடாவை ஓரமாக வைத்தாள்.

"அவருக்கு இருக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. அவரே சொன்னாரு. அதனாலதான் சரின்னேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"எனக்கும் பொங்கல்லேர்ந்து ரத்தம் போவுதுக்கா. அந்த வீட்ல எவ்ளோ நேரம் உள்ள உக்காந்திருந்தாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. கம்பெனி பஸ் போய்விடும் என்று தினமும் காலையில் அந்தக் கதவைத் தட்டிக் கத்துவது நான்தான்.