ஐஸ் கொட்டகையின் பன்னிரண்டு ஓட்டைகள்

தம்பானூரில் மூன்று லாட்ஜுகளின் குளியலறைகளுக்கு வயரிங் செய்தவன் நான். கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய ஓட்டலின் சமையற்கட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிகள் உட்பட, முழுக்க என் கைவேலை. மாடியோடு சொந்த வீடும் கட்டினேன். படிப்பு ஆறாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது, பைப் பதிக்கச் சுவரை உளியால் வெட்டும் கூலியாக. வயர்மேன் பரீட்சையை மலையாளத்தில் எழுதி, இரண்டாம் தடவையில் பாஸானேன். தண்ணீர் புழங்கும் இடத்தில் கரண்ட் வேலை என்றால் பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். நான் தேடிப் போவேன். நான் போட்ட சுவிட்சைத் தொட்டு இன்றுவரை ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வேலை விழிஞ்ஞத்து ஐஸ் கொட்டகை. அதன் வாசலில் மின்சார வரைபடம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அடியில் என்ஜினியர் பெயர் இருக்கிறது. அவர் முதலாளியின் மருமகன். என் பெயர் இல்லை. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

கொட்டகையின் ஒரு பாதியில் ஐஸ் உடைக்கும் மெஷின். மறு பாதியில் பெண்கள் மீன் கழுவும் மேஜைகள். தரை எப்போதும் ஈரம், காற்றில் உப்பு. போன மழைக்காலத்தில் அங்கே தினமும் நாலைந்து தடவை கரண்ட் போனது. முப்பது மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழும் பிரேக்கர் ஒன்றே ஒன்றைப் போட்டு, மொத்தக் கொட்டகையையும் அதன் தலையில் கட்டியிருந்தார் என்ஜினியர். எங்கே கசிந்தாலும் எல்லாமே நின்றுவிடும். மெஷின் நின்றால் ஐஸ் இல்லை; ஐஸ் இல்லாவிட்டால் மீன் நாறும். என்னைக் கூப்பிட்டார்கள்.

"சேட்டா, முப்பதை எடுத்துட்டு முந்நூறு போட்டாப் போதாதா? பின்னே ட்ரிப் ஆவாது" என்றார் என்ஜினியர்.

"ஆவாது சாரே. ஆளு விழுந்தாலும் ஆவாது" என்றேன். "முப்பது மனுசனுக்கு. முந்நூறு கட்டடம் தீப்பிடிக்காம இருக்கதுக்கு. இந்தப் பொம்பளையள்ல யாரைக் கட்டடம்னு நெனச்சிய?"

மேஜையில் சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு சேச்சி, கனத்த உடம்புக்காரி, கத்தியோடு கையைத் தூக்கினாள். "என்னையத்தான் சொல்லியிருப்பாரு!" கொட்டகையே சிரித்தது. முந்நூறு பேச்சு அதோடு நின்றது.

மெஷினுக்குத் தனி பிரேக்கர், பம்புக்குத் தனி, ஒவ்வொரு மேஜை வரிசைக்கும் தனி என்று பிரித்தேன். மனிதக் கை படும் இடங்களில் எல்லாம் முப்பதுதான். தண்ணீர் நுழையாத சுவிட்சுப் பெட்டிகளை வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு நானே போனேன். பளபளப்பைப் பார்க்கமாட்டேன். மூடியைத் திறந்து, விளிம்பில் உள்ள ரப்பரை நகத்தால் அழுத்துவேன். பள்ளம் உடனே எழும்பினால் சரக்கு நல்லது. இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் ஒரு வருஷம் தாங்காது, அதனால் பிளாஸ்டிக். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டும் திருப்ப வேண்டும் என்பதால் பெரிய கைப்பிடி. பழைய பெட்டிகளில் வயர் மேல்பக்கமாக நுழைந்தது. மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். எல்லா வயரையும் கீழே இறக்கி வளைத்து, அடிப்பக்கமாக ஏற்றினேன்.

பிரித்துப் போட்டதும் குற்றவாளி அகப்பட்டது. பம்பு பிரேக்கர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அதன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். புதுப் பெட்டி, ரப்பர் பழுதில்லை, வயர் நுழையும் இடமும் இறுக்கம். ஆனாலும் அடியில் அரை டம்ளர் தண்ணீர். வெளியிலிருந்து வந்ததில்லை. ஐஸ் போட்ட டம்ளர் வேர்க்கிறதே, அதே கதை. ஐஸ் பக்கத்துக் குளிரில் பெட்டிக்குள் அடைபட்ட காற்று வேர்த்துச் சொட்டியிருக்கிறது. தண்ணீர் நுழையாத பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறவும் முடியாது. டிரில்லை எடுத்து, பெட்டியின் அடியில் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டேன்.

என்ஜினியர் ஓடிவந்தார். "எந்தா சேட்டா இது! ஓட்டை போட்டா அது எங்ஙனே வாட்டர் ப்ரூஃப் ஆவும்?"

"அண்ணாச்சி பெட்டிக்கு மூக்கு குத்துறாரு சாரே" என்றாள் அந்தச் சேச்சி. "மூக்குத்தி நீங்க வாங்கிக் கொடுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் வாதாடவில்லை. "ஒரே சுவர்ல ரெண்டு பெட்டி மாட்டுவோம். ஒண்ணு ஓட்டையோட, ஒண்ணு உங்க இஷ்டப்படி. எட்டு நாள் கழிச்சு எல்லார் முன்னாலயும் தொறப்போம்" என்றேன். அவரும் சம்மதித்தார்.

எட்டாம் நாள் திறந்தோம். அவர் பெட்டியில் தண்ணீர் நின்றது. என் பெட்டி காய்ந்து கிடந்தது. ஆனால் உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது. அதையும் மறைக்கமாட்டேன். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டது என் தப்பு. என்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சேச்சி தன் வீட்டுக்காரர் வலையின் கிழிந்த துண்டு ஒன்றை நீட்டினாள். "இதை ஒட்டுங்க அண்ணாச்சி. தண்ணி போவும், பல்லி வராது." பொடிக்கண்ணி நைலான் வலை. துருப்பிடிக்காது. ஓட்டைகளைச் சிறிதாக்கி, வலையை உள்பக்கம் வைத்து ஒட்டினேன். பன்னிரண்டு பெட்டிகளுக்கும் அப்படியே செய்யச் சொல்லி என்ஜினியரே உத்தரவு போட்டார்.

அதன் பிறகு பெய்த மழையில் ஒருநாள் ஒரு மேஜை வரிசையின் விளக்கு மட்டும் அணைந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றுதான் முதலாளி என் தோளைத் தட்டினார். மறுவாரம் வாசலில் படம் ஏறியது. பிரித்த பிரேக்கர்கள் அதில் இருக்கின்றன. பன்னிரண்டு ஓட்டைகளும் சின்ன வட்டங்களாக இருக்கின்றன.

என்ஜினியரிடம் கேட்டேன். "படம் வரைஞ்சது ஞான்தானே சேட்டா" என்றார். சரி, வரைந்தது அவர்தான். பெயர் இருக்கட்டும், அழிக்கச் சொல்லவில்லை. வலை யோசனை சேச்சியுடையது. அவள் பெயரையும் எழுதட்டும். ஆனால் பிரேக்கரைப் பிரித்ததும், வயரைக் கீழிருந்து ஏற்றியதும், ஓட்டை போட்டதும் நான். இதைக் கொட்டகையில் உள்ள எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள். படத்தின் அடியில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது, நானே அளந்து பார்த்தேன். அந்த வரியில் என் பெயர் வர வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும்.