உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சான்று

ஸ்ரீரங்கத்தில் பதினெட்டு வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறினோம். வீட்டுக்காரர்கள் எல்லோருமே நல்லவர்கள்தான். மகனுக்குக் கல்யாணம், மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், மாடி எடுக்கப் போகிறோம் என்று மரியாதையாகத்தான் காலி செய்யச் சொன்னார்கள். ஏழாவது முறை சொன்னபோது நான் சமையலறைக்குள் போய் அழுதேன். இனிமேல் என்னை யாரும் காலி செய் என்று சொல்லக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்திலேயே வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் வீடு பார்க்கிறோம் என்று வாயைத் திறந்தாலே, "பட்டா மனையா, கோயிலுக்குச் சொந்தமான அடிமனையா?" என்று காய்கறிக்காரர் உட்பட எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி அலைய எனக்குத் தெம்பு இல்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள். காவிரிப் பாலத்தைத் தாண்டி உறையூர்ப் பக்கம் தேடினோம். ஒரு சந்துக்குள் இரண்டு அறையும் ஒரு கிணறுமாக ஒரு வீடு கிடைத்தது.

வீட்டின் சொந்தக்காரர் ஷார்ஜாவில் வேலையில் இருந்தார். தன் சார்பில் கையெழுத்துப் போட்டு விற்பதற்காக அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் பெரிய கடைவீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். நாங்கள் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம். முதல் நாளே தம்பியை வீடியோ காலில் பிடித்து என் கையில் போனைக் கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும், சிரித்த முகம்.

"கெணத்துத் தண்ணி நல்ல தண்ணிம்மா. குடிக்கலாம், பருப்பு வேகும்," என்றார் தம்பி.

"நீங்க ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டேன். இப்படி முகத்துக்கு நேராகக் கேட்பது என் வழக்கம். என் கணவர் என் முழங்கையில் இடித்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷமாச்சும்மா. போதும். வந்து அண்ணன்கூடக் கடையப் பாத்துக்கலாம்னு இருக்கேன். அதுக்குத்தான்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நம்பவில்லை. ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு கோர்ட்டுப் பக்கம் இருந்த ஒரு பெண் வக்கீலிடம் போனேன். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதுமா? பட்டாவில் பேர் இருந்தால் சொந்தக்காரர் என்று அர்த்தமா? மூலப் பத்திரத்துக்குப் பதில் நகலைக் காட்டினால் என்ன செய்வது? தம்பியின் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டுமா?

வக்கீல் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு கேள்வி மாப்பிள்ளை பாத்தப்ப கேட்டீங்களா?" என்றார். என் கணவர் அவருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டிருப்பார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வக்கீல் பதில் சொன்னார். வில்லங்கச் சான்றில் பதிவான விஷயம்தான் தெரியும், வீட்டுக்குள் நடந்த சண்டை தெரியாது. பட்டா மட்டும் போதாது, பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விற்கலாம். இது தம்பி தானே சம்பாதித்து வாங்கியது, அதனால் அவர் ஒருவர் போதும். எல்லாக் காகிதமும் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒன்று சொன்னார்.

"பவர்ல வாங்கறீங்க. பவர் குடுத்தவர் உசுரோட இருக்கிறவரைக்கும்தான் பவருக்கு உசுரு. அவர் போயிட்டா அதுவும் போச்சு. அப்புறம் அவரோட அம்மா, சம்சாரம், புள்ளைங்க எல்லாருக்கும் பங்கு. சின்னப் புள்ளைங்க இருந்தா கோர்ட்டு உத்தரவு வாங்கணும். வருஷக் கணக்காகும். அதனாலதான் பதிவு பண்றப்ப லைஃப் சர்டிபிகேட் கேப்பாங்க. முப்பது நாளைக்குள்ள வாங்கினதா இருக்கணும்."

தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒப்பந்தம் போட்டு, என் கையில் கழுத்தில் இருந்ததையெல்லாம் விற்று முன்பணம் கொடுத்தாயிற்று. ஆனி மாதக் கடைசியில் பாய் லைஃப் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார். ஷார்ஜாவில் ஒரு டாக்டர் இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார். அது ஊர் வந்து சேரவே ஒரு வாரம் ஆகியிருந்தது. "நாளைக்கே பதிவுக்கு டோக்கன் போட்டுடலாம்மா," என்றார்.

நான் காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி, அப்புறம் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது வீடு பதிவார்களா?

"ஆவணியில வச்சுக்கலாம் பாய்," என்றேன்.

"எங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாளுதாம்மா. உங்க இஷ்டம்."

எங்களுக்கு ஒப்பந்தம் எழுதிய பத்திர எழுத்தர் மட்டும் தயங்கினார். ஆவணி என்றால் இந்தச் சான்று செல்லாது, வேறு வாங்க வேண்டும் என்றார். ஆடிப்பெருக்கு அன்று ஊரே பதிவு செய்யும், அன்றைக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் யார் நிற்பது என்று நான்தான் மறுத்தேன். மாமியார் சொன்னார், ஜோசியர் சொன்னார் என்று யார் தலையிலும் இதை நான் போட முடியாது. நோட்டு நிறையக் கேள்வி எழுதினவள், ஆவணி வரைக்கும் அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்குமா என்ற ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பழைய சான்றின் நாளும் முடிந்துவிட்டது. மதியம் பாய் போன் செய்தார். தம்பிக்கு வேலை செய்யும் இடத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை என்றார். குரல் கம்மியிருந்தது.

"ஐயையோ. சரியாயிடும் பாய், கவலைப்படாதீங்க," என்றேன். போனை வைத்ததும் பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரித்தேன். தம்பியை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வீடு போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சமயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆடி மாதக் கூட்டத்தில் முண்டியடித்து, அம்மன் எதிரில் நின்று, அந்த மனிதரைக் காப்பாற்று தாயே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதே இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. சர்டிபிகேட்டுக்கு இரண்டு நாள், டோக்கனுக்கு இரண்டு நாள். ஒரு வாரம் காப்பாற்றினால் போதும் என்ற இடத்தில் வந்து நின்றது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. வேண்டுதலை அவசரமாக மாற்றி, நூறு வருஷம் இருக்கட்டும் என்றேன். அம்மனுக்கா தெரியாது.

மறுநாள் பாய்க்குப் போன் செய்தேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். இருந்தும் வாய் குழறியது.

"தம்பி எப்படி இருக்காங்க?"

"அப்படியேதாம்மா இருக்கான். மெஷின் வச்சிருக்காங்க."

"பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரியிலயே அந்த... லைஃப் சர்டிபிகேட்..."

போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"வாங்கித் தரேம்மா," என்றார். "வாக்குக் குடுத்திருக்கோம்ல."

திருச்சிக்கு விமானத்தில் வந்த யாரோ ஒருவர், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் வைத்து அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். இரண்டு வரிதான். இன்ன பெயருள்ள நோயாளி இந்தத் தேதியில் உயிரோடு இருக்கிறார். நான் அதை நாலு முறை படித்தேன்.

டோக்கன் கிடைத்தது செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு. ஆடி மாதம், செவ்வாய், சுத்தமான ராகுகாலம். "பரவாயில்லையா?" என்றார் பத்திர எழுத்தர். வேண்டுமென்றேதான் கேட்டிருப்பார். பரவாயில்லை என்றேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே புழுக்கம். பாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் நானும் எட்டிப் பார்த்தேன். இப்போது அழைப்பு வந்தால் எல்லாம் முடிந்தது. அதை அணைத்து வையுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் பவரைப் பார்த்தார், சான்றின் தேதியைப் பார்த்தார். "கொடுத்தவர் உயிரோட இருக்காரா?" என்று பாயைக் கேட்டார். எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

"இருக்காருங்க," என்றார் பாய். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் தொண்டையை இரண்டு முறை செருமினார்.

போட்டோ எடுத்தார்கள், விரல் வைத்தோம், கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்தபோது நாலு மணி. பாய் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று கூட எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. நானும் என் கணவரும் நேராக உறையூருக்குப் போய்க் கதவைத் திறந்தோம். கிணற்றில் தண்ணீர் இறைத்து முகம் கழுவினேன். அன்று நன்றாகத் தூங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது.

மின் இணைப்பைப் பெயர் மாற்ற பாயின் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது. மறுநாள் காலை கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் பாய் வீட்டுக்கு வழி சொன்னார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது.

"தம்பி மௌத்தாயிட்டாம்மா. நேத்து."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாய் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"மஃரிபு தொழுகைக்கு அப்புறம்தாம்மா. நம்ம கையெழுத்துப் போட்டு மூணு மணி நேரம் கழிச்சு," என்றார். "பயப்படாதீங்க, பத்திரம் செல்லும்."

உள்ளே அவருடைய தாயார் அழுதுகொண்டிருந்தார். நான் வந்தபோதிலிருந்தே அழுதுகொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போதுதான் கேட்டது.